ரெண்டில் ஒன்றைக் கொடுக்க வந்தவருக்கு

அத்தை,

மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில் அடித்தது. பூஞ்சணம் பிடிக்கும் முன் மிளகைக் காயப்போடலாம் என்று உள்ளறையிலிருந்து சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். கடைசிச் சாக்கின் அடியில் பெரிய ஸ்கேன் கவர் ஒன்று தட்டையாகப் படிந்து கிடந்தது. தூக்கியதும் மிளகு நெடி மூக்கில் ஏறியது. உள்ளே இருந்த கறுப்புப் படத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து மிளகு தரையில் உருண்டது. கவரின் ஒரு மூலையில் மஞ்சளாகக் கறை. மலைப்பாதையின் வளைவுகளில் உங்களுக்கு வந்த வாந்தியைத் துடைத்ததால் விழுந்த கறை.

அதை எங்கே வைத்தீர்கள் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "பத்திரமா இருக்குது, உடு" என்பீர்கள். மிளகுச் சாக்கின் அடிதான் உங்களுக்குப் பத்திரமான இடம் என்று நான் ஊகித்திருக்க வேண்டும்.

நீங்கள் போய் இந்த ஐப்பசியோடு ஒரு வருடம் முடிந்துவிட்டது. நேரில் சொல்லாமல் விட்டவை நிறைய இருக்கின்றன. படத்தை மடியில் வைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மலையிலேயே எடப்புளி நாடு என்கிற ஊர்ப்பகுதியிலிருந்து வாழவந்தி நாட்டுக்கு உங்கள் மருமகளாக நான் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வந்த அடுத்த வருடமே அங்கன்வாடி வேலை கிடைத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, தடுப்பூசித் தேதி எழுதிவைக்கிற எனக்கு மட்டும் பிள்ளை இல்லை. மூன்று வருடம் வரை நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கோயில் கோயிலாகக் கூட்டிப் போனீர்கள். அப்புறம் கீழே நாமக்கல்லில் பெண் டாக்டரிடம் என்னை அனுப்பினீர்கள். மலை இறங்கினால் வாந்தி வந்துவிடும் என்பதால் நீங்கள் வரவில்லை. எல்லாச் சோதனையும் செய்துவிட்டு அந்த டாக்டர், "உங்ககிட்ட ஒரு குறையும் தெரியலை. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதை வீட்டில் சொன்னேன். உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். முறத்தை நிறுத்தாமலே, "ஆம்பளைக்கு என்ன டெஸ்ட்டு? எங்கூட்டு வம்சத்துல அப்படி ஆருக்கும் இல்ல" என்றீர்கள். அன்றைக்கு உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் எழுதத்தானே வேண்டும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதை நான் வேறு மாதிரி புரிந்து வைத்திருந்தேன். நாங்கள் சேர்ந்திருந்த பிறகு ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். கிணற்றடிக் கல்லில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பிள்ளை பெறாதவள் என்ற வெறுப்பு என்று நினைத்தேன். ஏழு வருடம் அப்படித்தான் நினைத்தேன் அத்தை. அவருக்கு வலி என்று எனக்குத் தோன்றவே இல்லை. வலி என்று அவர் ஒருநாளும் வாய் திறந்து சொல்லவும் இல்லை.

அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் என்பது மட்டும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுப்பீர்கள். அவர் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனால் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வருவார். கீழே ஒரு கிளினிக்கில் காட்டினால் நீரில் கிருமி என்று மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். பத்து நாள் சரியாகும். பிறகு மறுபடி வரும்.

கல்யாணமான ஏழாம் வருட மிளகு பறிப்பில்தான் எல்லாம் வெளியே வந்தது. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியில் பாதி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். நான் கீழே உதிர்ந்த மிளகுச் சரம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "இறங்க முடியல" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. ஒவ்வொரு படியாகக் காலைப் பிடித்து இறக்கினேன். அடிவயிற்றுக்கும் கீழே, உட்காரும் இடத்தில், கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், விந்தில் ரத்தம் வருகிறது என்று சொன்னார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "ரெண்டு மூணு வருசமா" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரை நாமக்கல்லுக்குக் கூட்டிப் போனேன். சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா நடுவயதுக்காரர். வலது பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார். இடது பக்கத்தில் கருவியை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மறுபடி நிமிரச் சொன்னார்.

"சின்ன வயசுல இந்தப் பக்கம் ஆபரேஷன் ஏதாவது செஞ்சாங்களா?"

"இல்லீங்க."

"இடது கிட்னியைக் காணோம். எடுத்த தழும்பும் இல்லை. அப்படின்னா பிறவியிலேயே இல்லை."

பயப்பட வேண்டாம், ஒன்றோடு எத்தனையோ பேர் முழு ஆயுசும் வாழ்கிறார்கள் என்றார். அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் நாங்களும் கிளம்பி வந்திருப்போம். அவர் நிறுத்தவில்லை. "ஒரு பக்கம் கிட்னி இல்லைன்னா அதே பக்கம் கீழேயும் பாத்துடணும்" என்று சொல்லிக்கொண்டு அடிவயிற்றில் கருவியை வைத்தார். மூத்திரப்பைக்குப் பின்னால், அதே இடது பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு பை கறுப்பாகத் தெரிந்தது. "இதுதான் உங்க வலி" என்றார். அதுவரை எத்தனை பேர் நீரில் கிருமி என்று எழுதியிருந்தார்கள்! பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்க ஒருவருக்குத் தோன்றியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு சேலத்துக்குப் போனோம். அங்கே பெரிய குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் இப்போது என் மடியில் இருப்பது. சிறுநீரகப் பிரிவு டாக்டர் இளவயதுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். ஒரு தாளில் வரைந்து காட்டினார். குழந்தை கருவில் இரண்டாம் மாதம் இருக்கும்போது, ஒவ்வொரு பக்கமும் ஒரு குழாய் இருக்குமாம். அந்தக் குழாயிலிருந்து ஒரு முளை கிளம்பி மேலே போனால்தான் சிறுநீரகம் உருவாகும். ஆண் பிள்ளையாக இருந்தால் அதே குழாய்தான் கீழே விந்து வருகிற பாதையாகவும் விந்துப்பையாகவும் ஆகிறது. இவருக்கு இடது பக்கம் அந்த முளை வரவில்லை. கீழே பாதையின் வாயும் அடைபட்டுப் போனது. ஊறுகிற நீர் வெளியேற வழியில்லாமல் விந்துப்பையில் தேங்கித் தேங்கி, வயது ஏற ஏறக் கட்டியாகிவிட்டது. புற்றுநோய் இல்லை. ஒட்டுகிற வியாதி இல்லை. மிக அரிதாக வருவது. தன் அனுபவத்திலேயே இது இரண்டாவதுதான் என்றார்.

பிள்ளை இல்லாததற்கும் இதுதான் காரணமா என்று நான்தான் கேட்டேன். விந்துச் சோதனையில் எண்ணிக்கை மிகவும் குறைவாக இருக்கிறது, பெரும்பாலும் இதுதான் காரணம் என்றார். ஊசியால் நீரை உறிஞ்சி எடுக்கலாம், ஆனால் மறுபடி நீர் நிரம்ப வாய்ப்பு அதிகம். சின்னத் துளைகள் போட்டுக் கட்டியை முழுசாக எடுத்துவிடுவது நல்லது. "வலி போயிடும்னு நம்பிக்கையா சொல்வேன். குழந்தை விசயத்துல வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். கடையில் வாங்கித் தின்ற வலி மாத்திரைகளுக்காகத்தான் அவர் குரல் கொஞ்சம் கடுத்தது. இருக்கிற ஒரே சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும் என்றார்.

திரும்பி வருகையில் அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் உங்கள் மகன் மெதுவாக, "அம்மாகிட்ட கல்லுன்னு சொல்லிக்கலாம். வேற ஆருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். என் கையைப் பிடித்திருந்தார். ஏழு வருடத்தில் பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்குவதையும் அவர் தள்ளிப்போட்டார். பறிப்பு முடியட்டும் என்றார். அந்த இடைவெளியில்தான் நீங்கள் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். நான் அடுப்பில் சாமைச் சோறு கிளறிக்கொண்டிருந்தேன். அருகில் வந்து உட்கார்ந்தீர்கள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உன்னைய ஆரும் போகச் சொல்லல. நீ இங்கயே இருந்துக்க. அவளும் வரட்டும். ஒரு உசுரு பொறந்தா உனக்கும் அது புள்ளதான?"

அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போய் இந்தக் கவரை எடுத்து வந்தேன். அவருக்குக் கொடுத்த வார்த்தையை அந்த நிமிடத்தில் மீறினேன். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து, டாக்டர் எனக்குச் சொன்ன அதே வரிசையில் உங்களுக்குச் சொன்னேன். இந்தப் பக்கம் இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை. இதோ, இந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரிகிற பைதான் கட்டி. இவருக்கு எத்தனை கல்யாணம் செய்து வைத்தாலும் இதுதான் நடக்கும்.

நீங்கள் என்னைப் பொய் சொல்கிறாய் என்று திட்டுவீர்கள் என எதிர்பார்த்தேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எத்தனாம் மாசத்துல இப்படி ஆவுமாம்?"

"ரெண்டாம் மாசமுங்க அத்தை."

எழுந்து போய்விட்டீர்கள். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை நான் அங்கன்வாடிக்குப் போனபோது வீட்டில் இருந்தீர்கள். மதியம் ஒரு மணிக்கு என் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார்.

"உங்க மாமியாருங்களா, ஸ்கேன் கவரோட இங்க வந்து உக்காந்திருக்காங்க. டாக்டரைப் பாத்தாத்தான் போவேங்கறாங்க. கவர் மேல உங்க நம்பர் இருந்துச்சு."

மலைக்குக் கீழே நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கூட வளைவுகளுக்குப் பயந்து வராதவர் நீங்கள். மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் தனியாக இறங்கி, பஸ் மாறி, சேலத்தில் வழி கேட்டுக் கேட்டுப் போயிருந்தீர்கள். உங்கள் மகனும் நானும் வண்டியில் விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, தாழ்வாரத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். முந்தானை நனைந்து காய்ந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. மடியில் கவர். அவர் "ஏம்மா, என்னம்மா இது" என்று கத்தப் போனார். சரியாக அந்த நேரம் ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டர் வெளியே வந்தார். நீங்கள் எழுந்து கும்பிட்டீர்கள்.

"டாக்டருங்களா? எம்பையனுக்கு ஒண்ணுதான் இருக்குதாமுங்க. எனக்கு ரெண்டு இருக்குமில்லீங்களா? ஒண்ணை எடுத்து அவனுக்கு வெச்சிருங்க. காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கலீங்க. இன்னைக்கே அறுத்துக்கலாம்."

அறுவைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து வந்திருந்தீர்கள். உங்கள் மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உங்களையும் உட்கார வைத்தார்.

"அம்மா, உங்க பையனோட அந்த ஒரு கிட்னி நல்லா வேலை செய்யுது. பொறந்ததுல இருந்து தனியாவே வேலை பாத்து, கொஞ்சம் பெருசாவும் வளந்திருக்கு. அவருக்கு இன்னொண்ணு தேவையே இல்லை. உங்களுது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அப்ப நான் என்னத்தைக் குடுக்கறதுங்க?"

"ஒண்ணும் குடுக்க வேண்டாம்மா."

பிறகு, நீங்கள் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டீர்கள்.

"அவன் வயித்துல இருக்கறது தெரியறதுக்கு முன்னால, குச்சிக்கெழங்கு மூட்டையத் தூக்கிட்டு வாரப்ப சரிவுல வழுக்கி உழுந்தனுங்க. மூட்டையோட உருண்டனுங்க. அது ரெண்டாம் மாசம்தானுங்க. அதனாலதானுங்களா?"

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் மரவள்ளி மூட்டையோடு விழுந்ததை மூன்று நாளாக எண்ணிக் கொண்டிருந்திருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை ஜன்னலோரத்தில் என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அன்றைய கோபத்தில் ஆமாம் என்று கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

டாக்டர் உடனே பதில் சொன்னார். "இல்லம்மா. விழுந்ததால இது வராது. சாப்பிட்டதால வராது. மூட்டை தூக்கினதால வராது. ஒரு முளை வரலை, அவ்வளவுதான். ஏன் வரலைன்னு எங்களுக்கும் தெரியாது. உங்க தப்பு இதுல ஒண்ணுமே இல்லை."

"இன்னொரு தரம் சொல்லுங்க சாமி."

அவர் இன்னொரு தரம் சொன்னார். அவசரப்படாமல், அதே சொற்களில். நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினீர்கள். என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டீர்கள்.

"அப்ப இவளுதும் இல்லீங்கல்ல?"

"இவங்களுது இல்லவே இல்லை."

கேன்டீனில் மூன்று பேருக்கும் இட்லி வாங்கினோம். உங்கள் தட்டிலிருந்து ஓர் இட்லியை எடுத்து என் தட்டில் வைத்தீர்கள். நீங்கள் பட்டினியாக வந்தவர், சாப்பிடுங்கள் என்று சொன்னேன். "தின்னு" என்றீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் உங்கள் நெற்றியை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன். அவர் வண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தார். உங்கள் தலை இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அடுத்து வந்தது உங்கள் அண்ணன் வீட்டுக் காதுகுத்து. சீர் வைக்கிற முறைத்தட்டை நான் எடுத்தபோது உங்கள் அண்ணி, "புள்ள பெத்தவ ஆராவது எடுங்க" என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து வாங்கினார். எனக்கு அது புதிதில்லை. நகர்ந்து நிற்கத் தெரியும். நீங்கள்தான் நகரவில்லை. பந்தலில் அத்தனை சொந்தமும் இருக்க, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்.

"தட்டை அவகிட்டயே குடுங்க அண்ணி. அவ ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. கொறை எம்பையன் ஒடம்புல. அதும் அவன் செஞ்சுக்கிட்டதில்ல, கருவுலயே வந்தது. இத்தனை வருசம் தெரியாம இவ தலையில போட்டுட்டோம். இனி ஆரும் போடாதீங்க."

உங்கள் அண்ணி தட்டைத் திரும்ப என் கையில் வைத்தார். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். உங்கள் மகன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார்.

அவருக்கு அது பெரிய அடி அத்தை. தன் உடம்பின் ரகசியத்தைத் தன்னைக் கேட்காமல் பந்தலில் போட்டு உடைத்துவிட்டீர்கள் என்று எட்டு நாள் உங்களோடு பேசவில்லை. முதலில் உங்களிடம் சொன்ன என்னோடும் பேசவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவரைக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருக்க மாட்டார் என்பதும் உண்மை. நீங்கள் மன்னிப்பும் கேட்கவில்லை. எட்டாம் நாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவரைப் பார்த்து மட்டும் சொன்னீர்கள்.

"உம்மேல தப்பில்லாதப்ப உனக்கெதுக்கு வெக்கம்? தப்பே இல்லாதவ ஏழு வருசம் வெக்கப்பட்டுக்கிட்டு நின்னாளே, அப்ப நம்ம ரெண்டு பேரும் என்ன பண்ணுனோம்?"

அவர் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்த பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தேதி கேளு" என்றார் என்னிடம்.

அறுவைச் சிகிச்சை நாளன்று நானும் வருவேன் என்று நீங்களும் கிளம்பினீர்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தும் பலிக்கவில்லை. இந்த முறை உங்கள் நெற்றியைத் தாங்கியவர் உங்கள் மகன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நீங்கள் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. "ஒரு முளை வரல, அவ்வளவுதான்" என்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. டாக்டர் வெளியே வந்து கட்டி முழுசாக வந்துவிட்டது, மூத்திரப்பைக்கோ குடலுக்கோ சேதம் இல்லை என்றார். சோதனைக்கு அனுப்பியதிலும் கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது.

வலி போய்விட்டது அத்தை. அது உங்களுக்குத் தெரியும். அடுத்த பறிப்பில் அவர் ஏணியில் உச்சி வரை ஏறியதை நீங்கள் கீழே நின்று பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரியாதது, உங்களிடம் நான் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அவர் எழுந்து கிணற்றடிக்குப் போகவில்லை. பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். அவ்வளவு காலமும் வலியைத்தான் மறைத்தார், வெறுப்பை இல்லை என்று முதன்முதலாக அவர் வாயாலேயே கேட்டேன். எனக்குப் பாதி ஆயுசு திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

குழந்தை பிறக்கவில்லை. எண்ணிக்கை கொஞ்சம் கூடியது, போதுமான அளவுக்குக் கூடவில்லை. வேறு வழிமுறைகள் இருப்பதாக டாக்டர் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நீங்கள் ஒருமுறை கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. உங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு உங்கள் வாயிலிருந்து வரவே இல்லை. டாக்டர் சொன்ன மற்றவற்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டீர்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வருடம் ஒருமுறை ரத்தமும் நீரும் பார்க்க வேண்டும், கடை மாத்திரை கூடாது. தோட்டத்தின் இந்தச் சரிவில் நின்று அந்தச் சரிவுக்குக் கேட்கிற மாதிரி, "ராசூ, தண்ணி குடிச்சயா?" என்று கூவுவீர்கள். முப்பத்தைந்து வயது ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, "குடிச்சேம்மா" என்பார். கடைசியில் மார்வலி என்று உங்களைச் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும், டாக்டர் உங்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்க, "அவன் ரத்தம் பாக்கற மாசம் இது, மறந்திராதே" என்று என்னிடம்தான் சொன்னீர்கள். மறக்கவில்லை. காரியம் முடிந்த பதினைந்தாம் நாள் கூட்டிப் போனேன். எல்லாம் சரியாக இருந்தது.

இனி நான் சொல்லப்போவது போன மாதம் நடந்தது.

அங்கன்வாடிக்குப் புதிதாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண் எடை பார்க்க வந்தாள். வயது இருபது இருக்கும். ஆண் பிள்ளை. கூடவே அவளுடைய மாமியாரும் வந்திருந்தார். அந்தப் பெண்ணின் கண் வீங்கியிருந்தது. கையில் ஸ்கேன் சீட்டு. குழந்தைக்கு வலது பக்கம் சிறுநீரகம் இல்லை என்று எழுதியிருந்தது. நான் வாசித்து முடிக்கும் முன்பே மாமியார் ஆரம்பித்தார்.

"கிரகணத்தன்னைக்கு வெளிய போகாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டனுங்க. கேட்டாளா? எம்பேரன் கொறையாப் பொறந்துட்டான்."

அந்தப் பெண் தலையே நிமிர்த்தவில்லை. எடைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டுக் குழந்தையின் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். டாக்டர் உங்களுக்குச் சொன்னதை, நான் சொன்ன மாதிரி ஜன்னலில் படத்தைக் காட்டிக் கோபத்தோடு சொல்லாமல், அவர் சொன்ன மாதிரி மெதுவாகச் சொன்னேன். கிரகணத்தால் வராது, விழுந்ததால் வராது, சாப்பிட்டதால் வராது. அந்த அம்மாள் நம்பவில்லை. "நீங்க படிச்சதைச் சொல்றீங்க" என்றார்.

சாயங்காலம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அவிய ஊடு எது?" என்றார். மறுநாள் இருவரும் வண்டியில் போனோம். வாசலில் குழந்தையை மடியில் வைத்தபடி அந்தப் பெண், அவள் கணவன், மாமியார், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நான் பேசத் தொடங்குவதற்குள் அவரே பேசினார்.

"எனக்கும் பொறப்புலயே ஒண்ணுதானுங்க. முப்பத்தெட்டு வயசாச்சு. மெளகு மரம் ஏறறேன், மூட்டை தூக்கறேன். எனக்கு அதே பக்கம் கீழ ஒரு கட்டியும் இருந்துச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு ஆருகிட்டயும் சொல்லாம உட்டுட்டேன். அதனால பட்டதுதான் ஜாஸ்தி. உங்க பையனுக்கும் அப்படி வரும்னு சொல்ல வரலீங்க. வராமயே போவலாம். ஆனா பெரியவனானதும் கீழயும் ஒருதரம் ஸ்கேன்ல பாக்கச் சொல்லுங்க. அவன்கிட்டயும் சொல்லி வளத்துங்க. மறைக்காதீங்க."

சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கி வயிற்றிலிருந்த தழும்புகளைக் காட்டினார். காதுகுத்துப் பந்தலிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிய அதே மனிதர், அத்தை. நீங்கள் பார்க்கவில்லையே என்று இருந்தது.

அந்த அம்மாள் தழும்பையே பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இது தெரிஞ்சப்ப உங்க மாமியா என்னங்க சொன்னாங்க?"

நான் சொன்னேன். நீங்கள் யாரிடமும் சொல்லாமலே பஸ் ஏறிப் போய், வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, உங்கள் கிட்னியில் ஒன்றை அறுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னதை. அதற்கு முன் என் மேல் பழி போட்டதை. பந்தலில் அந்தப் பழியை நீங்களே திரும்ப எடுத்ததை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்களை நல்லவராகக் காட்ட முயலவும் இல்லை. அப்படியே சொன்னால் போதும் என்று தோன்றியது.

அந்த அம்மாள் எழுந்து போய் மருமகளின் மடியிலிருந்து குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "நீ போயி ரெண்டு வாய் சோறு தின்னுட்டு வா. நேத்துல இருந்து ஒண்ணும் திங்கல" என்றார். அந்தப் பெண் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். நாங்கள் அவள் சாப்பிட்டு வரும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம்.